தலைமாடும் கால்மாடும்

எலும்பு முறிவு வார்டில் அவளுக்குத் 'தலையக்கா' என்று பெயர். ஏதோ பெரிய பதவி போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அவளை அதிகாரம் பண்ண அவளுக்கு மேலே அங்கே ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் இவள் வாயைக் கண்டால் கொஞ்சம் உதறல்தான், அது வேறு விஷயம். கழுத்தோ முதுகெலும்போ முறிந்து வருகிறவர்களைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது தலைமாட்டில் நின்று தலையைப் பிடிப்பவள் அவள். அதனால் வந்த பெயர் அது.

படுத்துக் கிடக்கிற ஆளைத் திருப்பிப் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். கேட்பவர்கள் யாரும் அந்த வார்டில் கிடந்தவர்கள் இல்லை. ஒரே பக்கமாகக் கிடந்தால் குதிகால், இடுப்பின் பின்புறம், பின்மண்டை என்று எலும்பு துருத்துகிற இடமெல்லாம் தோல் நசுங்கிப் புண் வைத்துவிடும். முதலில் சிவப்பாக ஒரு தடம்தான் தெரியும். அதை விட்டால் புண் எலும்பைத் தொட்டுவிட்டுத்தான் நிற்கும். அதனால் திருப்பியே ஆக வேண்டும். ஆனால் கழுத்து முறிந்தவரை நினைத்தபடி புரட்ட முடியாது. தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே கட்டையாக, ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் போனால் கதை முடிந்தது.

அதற்கு நாலு பேர் வேண்டும். ஒருவர் தலைக்கு, மற்றவர்கள் தோளுக்கும் இடுப்புக்கும் காலுக்கும். அந்த வார்டில் இதற்கு ஒரே ஒரு சட்டம்தான். தலை பிடிப்பவர் மட்டுமே பேசலாம். பெரிய டாக்டரே கால் பிடிக்க வந்து நின்றாலும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

புதிதாக வேலை பழக வருகிற பெண்களுக்கு அவள் பாடம் நடத்துவதைக் கேட்க வேண்டும்.

"கழுத்துல ஏழு எலும்பு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான், உனக்கும் ஏழுதான். அதுக்கு இருக்கிற நிதானம் உனக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஏழுக்கும் நடுவுல சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு நரம்பு போகுது. எலும்பு உடைஞ்சா ஒட்டும். அது நசுங்கினா நசுங்கினதுதான். புரியுதா?"

"புரியுது சிஸ்டர். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணித் திருப்பிடலாம்ல?"

"மூணுன்னு வாயெடுக்கும்போதே ஒருத்தி திருப்புவா. மூணு முடியட்டும்னு ஒருத்தி நிப்பா. நடுவுல படுத்திருக்கிறவன் கழுத்து என்னடி ஆகும்?"

அதனால் அவள் எண்ணுவதில்லை. நோயாளியின் முகத்தைப் பார்த்து, "வாங்க" என்பாள். வாசலுக்கு வந்த விருந்தாளியைக் கூப்பிடுகிற அதே குரல். அந்த ஒரு சொல்லுக்கு எல்லாக் கைகளும் சேர்ந்து அசைய வேண்டும். முதல் தரம் கேட்கிற பெண்கள் களுக்கென்று சிரித்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் "வாங்கய்யா", "வாங்கம்மா" என்று பழகிவிடுவார்கள். யாராவது ஒருத்தி காலைத் தாமதமாகத் திருப்பினால் போதும், "கால்மாட்டுல நிக்கிறது ஆளா, தூணா?" என்று அவள் போடுகிற சத்தம் பக்கத்து வார்டு வரை போகும்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. நோயாளியிடம் பொய் சொல்ல மாட்டாள். "நான் எப்போ சிஸ்டர் நடப்பேன்?" என்று கேட்டால், நடக்க மாட்டாதவரிடம், "நடக்க மாட்டீங்க. ஆனா உட்கார வைக்கிறேன். அது என்னால முடியும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். உறவுக்காரர்கள் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று திட்டியிருக்கிறார்கள். ஒருத்தர் அடிக்கவே வந்தார். அவள் அசைந்து கொடுக்கவில்லை. பொய் சொன்னால் அந்த ஆள் ஆயுசு முழுக்கத் தன் காலையே பார்த்துக்கொண்டு கிடப்பார், கையால் செய்ய முடிந்ததைக்கூடக் கற்றுக்கொள்ள மாட்டார் என்பது அவள் கட்சி.

வீட்டில் இந்த வாயெல்லாம் செல்லுபடியாகாது. அவள் கணவர் வயரிங் வேலை செய்பவர். கம்பத்திலும் ஏணியிலும் ஏறி இறங்கியே தலை நரைத்தவர். எதற்கும் பதறாத மனிதர். இவள் வார்டில் யாரிடம் என்ன கத்தினாள் என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்ல, அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அப்போ இன்னைக்கும் ஜெயிச்சுட்டே" என்பார். அந்தக் கண்ணாடி அவர்களுடைய ஒரே மகள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. யார் முகத்தைப் பார்த்தாலும் எந்தக் கண்ணாடி ஃப்ரேம் பொருந்தும் என்று பார்க்கிற புத்தி அவளுக்கு. அப்பாவின் கண்ணாடி எப்போதும் கொஞ்சம் கோணலாகவே இருக்கும். காலையில் கிளம்பும்போது இரண்டு விரலால் அதை நேராக்கி, காதோரம் அழுத்தி வைத்துவிட்டுத்தான் போவாள். "போற வழியில யாராவது பார்த்தா என் கடைப் பேரு கெட்டுடும்பா" என்பாள். அவரும் பிள்ளை மாதிரி முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்.

ஊரெல்லாம் கம்பம் ஏறினவர் கடைசியில் விழுந்தது சொந்த வீட்டு ஸ்டூலிலிருந்து.

மாடிப்படி திருப்பத்தில் பல்பு எரியவில்லை. ஒரு விடுமுறை நாள் மதியம். அம்மா டியூட்டிக்குப் போயிருந்தாள். படியிலேயே ஸ்டூலைப் போட்டு ஏறினார். வேறு யாராவது அப்படிப் போட்டிருந்தால் அவரே திட்டியிருப்பார். சத்தம் கேட்டு மகள் சமையலறையிலிருந்து ஓடி வந்தபோது படிக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். பேச்சு நன்றாகவே இருந்தது. கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. "ஒண்ணுமில்லம்மா, கழுத்துதான் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு" என்றார். காலை மடக்கி எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. தாகமாக இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் கொடு என்றார்.

மகள் என்ன செய்வாள்? யார் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தாள். தரையில் உட்கார்ந்து அப்பாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். அவரும் முழு டம்ளரையும் குடித்தார். குடித்து முடித்துவிட்டு, "கால் எங்கேம்மா போச்சு?" என்று கேட்டார்.

தலையக்கா பிடிக்க வேண்டிய ஆள் ஒருத்தர் வருகிறார் என்று மட்டும்தான் வார்டில் தெரியும். கழுத்தில் அடி, தள்ளுவண்டியிலிருந்து கட்டிலுக்கு மாற்ற வேண்டும், நாலு பேர் வாருங்கள் என்று ஒரே பரபரப்பு. அவள் வழக்கம்போல் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்தாள். தலைமாட்டிலிருந்து பார்த்தால் முகம் தலைகீழாகத்தான் தெரியும். அத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் அவர் முகத்தை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. கண்ணாடியைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டாள்.

கை பிடியை விடவில்லை. அதை அவள் கை என்று சொல்வதைவிட அந்த வார்டின் கை என்றுதான் சொல்ல வேண்டும். "வாங்க" என்றாள். எல்லோரும் ஒன்றாகத் தூக்கினார்கள், ஒன்றாக வைத்தார்கள். வைத்து முடித்த பிறகு அவர் மெதுவாக, "உன் 'வாங்க'வை இன்னைக்குத்தான் கேக்கிறேன்" என்றார். அப்போதுதான் அவளுக்கு பொலபொலவென்று கண்ணீர் வந்தது.

எதிர்வீட்டுத் தையல்காரர்தான் தன் காரில் அவரைக் கொண்டுவந்து சேர்த்தவர். நல்ல மனுஷர், வாய் மட்டும் சும்மா இருக்காது. வராந்தாவில் அவளைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"நம்பவே முடியலை சிஸ்டர். சத்தம் கேட்டு நான் உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறேன், காலை மடக்கி எழுந்திரிக்கப் பார்க்கிறார். நல்லாத்தான் இருந்தார். பாப்பா மடியில தூக்கி வெச்சு தண்ணி கொடுத்துச்சு. அதுக்கப்புறம்தான் கால் வரலைன்னார்."

"காலை மடக்கினாரா? நல்லாப் பார்த்தீங்களா?"

"என் கண்ணால பார்த்தேன் சிஸ்டர்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்த வார்டில் இருக்கிற ஆயாவுக்குக்கூட இதன் அர்த்தம் தெரியும். எலும்பு முறிந்தது விழுந்தபோது. நரம்பு போனது தலையைத் தூக்கியபோது. அசைக்காமல் அப்படியே போட்டு வைத்திருந்தால் இன்றைக்கு அந்தக் கால்கள் இருந்திருக்கும்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லையே. ஏன் சிஸ்டர்?"

"சொல்லாதீங்க. என் பொண்ணுகிட்ட சொல்லவே சொல்லாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

தையல்காரருக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. முகம் சுருங்கிப்போயிற்று. "அய்யோ, நானும்தானே கையையும் காலையும் பிடிச்சுத் தூக்கி வண்டியில போட்டேன்" என்றார்.

"நீங்க தூக்கும்போது எல்லாம் முடிஞ்சிருந்தது" என்றாள். ஆறுதலாகச் சொன்னதுதான். ஆனால் அவளுக்கு ஆறுதலும் அப்படித்தான் வரும்.

விழுந்ததிலேயே நரம்பு போயிருக்கலாம், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் சொன்னார். அவர் சொன்னது தப்பில்லை. மகளும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டாள். தலையக்கா தன்னைத்தானே அறைந்துகொள்ளாத குறை. எத்தனை வீட்டுப் பெண்களை நிற்கவைத்து, "விழுந்தவங்க தலையைத் தூக்காதீங்க, தண்ணி கொடுக்காதீங்க, அப்படியே விட்டுட்டு ஆளைக் கூப்பிடுங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். ஊருக்கெல்லாம் சொன்னவள் பெற்ற மகளிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் வார்டுப் பேச்சில் யார் யாரிடம் கத்தினாள் என்பதைத் தவிர வேறொன்றும் வந்ததில்லை.

அவருக்கு மண்டையின் இரு பக்கமும் கொக்கி மாட்டி, கயிற்றில் எடை தொங்கவிட்டுக் கழுத்தை நேராக்கினார்கள். கூரையைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாமல் கிடந்தார். தோளை அசைக்க முடிந்தது, முழங்கையைக் கொஞ்சம் மடக்க முடிந்தது. விரல்கள் அசையவில்லை, நெஞ்சுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஒரு சாயங்காலம் அவள் அவர் உதட்டை ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"அது எப்போ போச்சுன்னு உனக்குத் தெரியும்தானே?"

அவள் பஞ்சைத் திரும்ப நனைத்தாள்.

"எனக்கும் தெரியும். தலை மேல வந்தது, கால் போச்சு. விளக்கை அணைச்ச மாதிரி." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அவகிட்ட சொல்லிடாதே. கேட்டா, தண்ணி நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு. நிஜமாவே நல்லா இருந்துச்சு. அவ்வளவு தாகம்."

அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. மகளுக்குத் தெரியக் கூடாது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

கழுத்தில் தகடு வைத்துத் திருகி, எலும்பு சேர்ந்து, கழுத்துப் பட்டையும் கழற்றிய பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூடத்தில் ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். தலையக்கா வீட்டையே வார்டு ஆக்கிவிட்டாள். குதிகாலுக்குக் கீழே தண்ணீர் நிரப்பின கையுறை, முழங்கால்களுக்கு நடுவே தலையணை, பாதம் தொங்கிப்போகாமல் இருக்க ஒரு அட்டைப்பெட்டி. டியூட்டியைப் பகல் வேளைக்கு மாற்றிக்கொண்டாள். அவள் இல்லாத நேரம் ஒரு ஆயா வந்து பார்த்துக்கொண்டாள். திருப்புகிற வேலைக்குத் தையல்காரர் தவறாமல் வந்துவிடுவார். கழுத்தில் அளவு நாடாவோடு வந்து தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்து நிற்பார். "சட்டைக்கு அளவெடுத்த கை, இன்னைக்கு ஆளையே எடுக்குது" என்று ஏதாவது சொல்லி அவரைச் சிரிக்க வைப்பார்.

எலும்பு ஒட்டிய பிறகு தலையை அப்படிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் அவள் பழக்கத்தை விடவில்லை. தலைமாட்டில் அவள், நடுவில் தையல்காரர், கால்மாட்டில் மகள். "வாங்க" என்றால் மூவருமாகத் திருப்புவார்கள். மகள் ஒருநாளும் தாமதித்ததில்லை. வார்டில் எந்தப் பெண்ணும் அவ்வளவு சுத்தமாகக் கால் பிடித்துத் தலையக்கா பார்த்ததில்லை.

ஆனால் தலைப்பக்கம் மட்டும் மகள் வர மாட்டாள். ஒருநாள் அம்மாவுக்குக் கை வலிக்கிறது, நீ தலையைப் பிடி என்றபோது, "எனக்கு இந்தப் பக்கம்தான் பழகிடுச்சு" என்று சொல்லி நகர்ந்துவிட்டாள். தலையக்கா முதலில் அதைக் கவனிக்கவில்லை. கண்ணாடிதான் காட்டிக்கொடுத்தது. விரல் வேலை செய்யாதவருக்கு மூக்குக் கண்ணாடி இறங்கினால் ஏற்றிவிட ஆள் வேண்டும். அது அடிக்கடி இறங்கும். பக்கத்திலேயே மகள் உட்கார்ந்திருந்தாலும், "அம்மா, அப்பா கண்ணாடி இறங்கிடுச்சு" என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். ஊரார் முகத்துக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவள், அப்பா முகத்தைத் தொட மாட்டேன் என்கிறாள். அவர் கோணல் கண்ணாடியோடு காத்திருப்பார்.

ஒருநாள் காலையில் மகள் போட்ட சத்தத்தில் தலையக்கா கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அம்மா! கால் அசையுது! அம்மா, பாரேன், அப்பா காலை ஆட்டறார்!"

கால் ஆடியது உண்மைதான். முழங்கால் வெடுக்கென்று மடங்கி, நடுங்கி, மறுபடி நீண்டது. மகள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவர் மனைவியை மட்டும் பார்த்தார். அந்தக் கால் ஆடுவது அவருக்குத் தெரியவே தெரியாது.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. "அது அப்பா ஆட்டலை கண்ணு. மூளையிலேருந்து உத்தரவு வராம, கால் தன் பாட்டுக்குத் துள்ளுது. நரம்பு போனவங்களுக்கு இப்படி இழுக்கும். இதுல சந்தோஷப்பட ஒண்ணுமில்லை."

மகளின் அழுகை சட்டென்று நின்றுவிட்டது. காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ அன்னைக்குப் படிக்குக் கீழே காலை மடக்கினாரே... அதுவும் தானா துள்ளினதுதானாம்மா?"

அதாவது அவளும் பார்த்திருக்கிறாள். தையல்காரர் சொல்ல வேண்டியதே இல்லாமல் போயிற்று. தூக்குவதற்கு முன் கால் அசைந்ததையும் தூக்கிய பின் அசையாததையும் அத்தனை மாதமாக மனதுக்குள் வைத்துக்கொண்டு கால்மாட்டில் நின்றிருக்கிறாள். கேட்க ஒரு வழி கிடைக்காமல் இருந்தது. இப்போது கிடைத்தது, கேட்டுவிட்டாள்.

நரம்பு நசுங்கினால் முதல் சில வாரங்களுக்குக் கால் துணி மாதிரி கிடக்கும், துள்ளல் எல்லாம் அதற்கப்புறம்தான் வரும். விழுந்த நாளில் துள்ளவே துள்ளாது. இது தலையக்காவுக்குத் தெரியாதா? தன் பேரைப் போலத் தெரியும்.

"ஆமா கண்ணு" என்றாள். "அதுவும் இப்படித் துள்ளினதுதான். விழுந்தப்பவே எல்லாம் போயிடுச்சு. நீ என்ன பண்ணியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் சொன்ன முதல் பொய் அது. கட்டிலில் இருந்தவர், "நீ கொடுத்த தண்ணி அமிர்தமா இருந்துச்சும்மா" என்றார். மகள் விம்மி விம்மி அழுதாள். அது வேறு அழுகை என்று பெற்றவர்களுக்குத் தெரிந்தது.

அந்தப் பொய் நன்றாகவே வேலை செய்தது. மறுநாள் காலையில் மகள் கடைக்குக் கிளம்பினாள், வாசல் வரை போனாள், திரும்பி வந்தாள். இரண்டு விரலால் அப்பாவின் கண்ணாடியை நேராக்கிக் காதோரம் அழுத்தினாள். "கடைப் பேரு கெட்டுடும்" என்றாள். அவர் கண்ணை மூடி முகத்தைக் கொடுத்தபடியே கிடந்தார். அடுத்தடுத்த நாட்களில் தலை வாரிவிட்டாள், முகம் வழித்துவிட்டாள். ஒருநாள் திருப்பும்போது தலைமாட்டுக்கு வந்து அம்மா எப்படிப் பிடிக்கிறாள் என்று உற்றுப் பார்த்தாள். "நாளைக்கு நீயே பிடி" என்றாள் அம்மா. "பார்க்கலாம்" என்று மகள் சிரித்தாள். ஒரு பொய்க்கு இவ்வளவு பலன் உண்டென்றால் இத்தனை வருஷம் வார்டில் என்ன கெட்டிக்காரத்தனம் பண்ணிக்கொண்டிருந்தோம் என்றுகூட தலையக்காவுக்குத் தோன்றியது.

அந்த 'நாளை' வரவே இல்லை. கைகால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபி தம்பி வந்தான். சிரித்த முகம், நல்ல படிப்பு, யாருக்கும் கெடுதல் நினைக்காத பிள்ளை. அவன் காலை மடக்கும்போது அது வெடுக்கென்று துள்ளியது. மகள் பக்கத்தில் நின்று, "விழுந்த அன்னைக்குக்கூட இப்படித்தான் துள்ளுச்சு" என்று தெரிந்தவள் மாதிரி சொன்னாள்.

"அன்னைக்கா? இருக்காதே அக்கா" என்றான் தம்பி, காலை நீட்டிக்கொண்டே. "ஆரம்பத்துல தொளதொளன்னு கிடக்கும். இந்தத் துள்ளல் வாரக்கணக்குல கழிச்சுத்தான் வரும். முதல் நாளே அசைஞ்சிருந்தா, அப்போ நரம்பு வேலை செஞ்சுக்கிட்டு இருந்திருக்கும்."

கையில் துணியோடு கதவருகே நின்ற தலையக்கா மகளின் முகத்தைப் பார்த்தாள். மகள் அவளைப் பார்க்கவில்லை. "ஓ, அப்படியா" என்றாள். தம்பிக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. ஏன் பொய் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலாவது அம்மா ஏதாவது சொல்லியிருப்பாள். மகள் கேட்கவே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் திருப்பும்போது கால்மாட்டில் போய் நின்றாள். மறுநாள் காலையில் கண்ணாடி கோணலாகவே இருந்தது. அடுத்த நாள், "அம்மா, அப்பா கண்ணாடி" என்று குரல் வந்தது.

அம்மா விட்டுவிடவில்லை. "தகடு வெச்சு இறுக்கியிருக்குடி. இப்போ அந்தக் கழுத்து உன் கழுத்தைவிட கெட்டி. ஒண்ணும் ஆகாது, பிடி" என்று சொல்லிப் பார்த்தாள். அப்பாவும் கேட்டுப் பார்த்தார். "உங்கம்மா கை சொரசொரன்னு இருக்கும்மா. இன்னைக்கு ஒருநாள் நீ பிடியேன்." மகள் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அம்மா பிடிச்சாத்தான்பா சரியா இருக்கும்" என்பாள். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். கால் வேண்டும் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. இதை மட்டும்தான் கேட்டார்.

இருமச் சக்தியில்லாத நெஞ்சில் சளி கட்டினால் என்ன ஆகும் என்று தலையக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மழை நாட்களில் ஒருமுறை காய்ச்சல் வந்து தப்பித்தார். அடுத்த காய்ச்சலில் மூச்சு குறுகிக்கொண்டே வந்தது. மருத்துவமனைக்குப் போகலாம் என்றபோது, "நீ இருக்கிற இடம்தானே ஆஸ்பத்திரி" என்றார். முதுகைத் தட்டித் தட்டிச் சளியை இறக்கப் பார்த்தாள். மகள் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள், எந்த உணர்ச்சியும் இல்லாத அந்தக் காலை. வெயில் ஜன்னலில் ஏறியிருந்த ஒரு காலைப்பொழுதில் அவர் மூச்சு நின்றது. கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருந்தது.

தையல்காரர் சொந்தக்காரர்களுக்குச் சொல்லவும் வண்டி ஏற்பாடு செய்யவும் அழுதுகொண்டே ஓடினார். குளிப்பாட்ட ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், நானே பண்றேன்" என்றாள் தலையக்கா. வார்டில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறாள். வெந்நீர், துணிகள், மாற்றுச் சட்டை எல்லாம் எடுத்துவைத்தாள். முன்பக்கம் துடைத்து முடித்தாள். முதுகைத் துடைக்க ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். இறந்தவரைத் திருப்ப இத்தனை பக்குவம் ஒன்றும் தேவையில்லை. ஆனாலும் கால்கள் தாமாகவே அவளைத் தலைமாட்டுக்குக் கொண்டுபோயின. குனிந்து கையை நீட்டினாள்.

"அம்மா, நீ கால்பக்கம் போ."

மகள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். அப்பாவின் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். கம்பிகளை மடித்து ஜன்னல் திட்டில் வைத்தாள். பிறகு, சின்னப் பிள்ளையில் கேட்ட மாதிரி, அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இனிமே என்னால அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்லம்மா?"

தலையக்கா எத்தனையோ பேருக்கு முகத்துக்கு நேரே பதில் சொன்னவள். இந்தக் கேள்விக்குக் குனிந்து வெந்நீரில் துணியைப் பிழிந்தாள். பிழிந்தபடியே, "ஆகாது கண்ணு" என்றாள். சொல்லிவிட்டுக் கால்மாட்டுக்குப் போய் நின்றாள்.

மகள் குனிந்தாள். ஒரு கையை அப்பாவின் பின்மண்டைக்குக் கீழே கொடுத்து, இன்னொரு கையைத் தாடையோரம் வைத்து, கழுத்து தோளோடு சேர்ந்து திரும்புகிற மாதிரிப் பிடித்தாள். பிடி சரியாக இருந்தது. ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல், அத்தனை நாளும் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துப் பார்த்தே படித்த பிடி. அப்பாவின் முகத்தைத் தலைகீழாகப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"வாங்கப்பா" என்றாள்.

கால்கள் திரும்பவில்லை. தலையக்கா அவருடைய கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். கைக்குச் சொன்னால் கை கேட்கவில்லை. தலையை விடாமல் மகள் காத்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, இந்தத் தரம் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"வாம்மா."

இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைத் திருப்பினார்கள்.